இறால் குஞ்சுகள் சாகவில்லை

இரண்டு வருடங்களுக்கு முன், செட்டிபாளையத்தில் மாரி மழை தொடங்கிய நாட்களில் நடந்தது இது. என் மகனுக்கு அப்போது ஏழு மாதம். பிரசவ விடுமுறை முடிந்து, மட்டக்களப்பில் ஓர் ஆய்வுகூடத்துக்கு மறுபடி வேலைக்குப் போய்வரத் தொடங்கியிருந்தேன். பகலில் பிள்ளையை மாமி, என் கணவரின் அம்மா, பார்த்துக்கொண்டார்.

நாட்டு மருந்துச் செடிகளின் சாறு உடம்புக்குக் கெடுதல் செய்யுமா என்று பார்ப்பது எங்கள் வேலை. அதன் முதல் படி, உப்புத் தண்ணீரில் பொரிக்கவைத்த இறால் குஞ்சுகள். பார்வைக்கு வெறும் தூசிதான். ஒவ்வொரு சோதனைக் குழாயிலும் பத்துக் குஞ்சுகளை விட்டுச் சாற்றைச் சேர்த்து, மறுநாள் எத்தனை உயிரோடு இருக்கின்றன என்று எண்ண வேண்டும்.

அந்த மாதம் சோதனைக்கு வந்தது எங்கள் வேலியிலேயே நிற்கிற ஓர் இலை. சளிக்கு மாமி அவித்துக் கொடுப்பது. பெயரை வேண்டுமென்றே எழுதவில்லை. இதைப் படித்துவிட்டு யாரும் அதை நம்பவும் வேண்டாம், வெட்டவும் வேண்டாம். அதைச் சோதிக்கிறோம் என்று வீட்டில் சொன்னது மாமிக்குப் பொறுக்கவில்லை. நாலு பிள்ளைகளை அந்த இலையில் வளர்த்தவர் அவர்.

"றாலுக்கு இருமல் வந்தா நீ பாரு மனே. என்ட பேரனுக்கு நான் பார்க்கிறன்."

பக்கத்து வீட்டிலும் அதைச் சொல்லிச் சிரித்தார். ஆனால் அன்று சோறு போடும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் எண்ணினேன். தண்ணீரில் அவித்த சாற்றில் ஒரு குஞ்சுகூடச் சாகவில்லை. இது தொடக்கம் மட்டும்தான், வெளியில் பேச வேண்டாம் என்று ஆய்வுகூடத்தை நடத்தும் எங்கள் மேடம் சொல்லியிருந்தார். நான் பஸ்ஸால் இறங்கி வந்ததும் முதல் வேலையாக மாமியிடம், இலை நல்லதாம், ஒன்றும் செய்யாதாம் என்றேன். அவர் முகம் மலர்ந்தது. வீட்டில் மறுபடி பேச்சு வந்தது.

அடுத்த கிழமை பிள்ளைக்குச் சளி. மாமி அந்த இலையை அவித்துக் காலையும் மாலையும் ஒரு கரண்டி கொடுத்தார். பத்து நாளுக்கு மேல் போனது. எனக்குத் தெரியும். ஒரே நாள் இறால் குஞ்சில் பார்த்ததை வைத்துக் கைக்குழந்தைக்கு இத்தனை நாள் கொடுக்கலாமா என்ற கேள்வி பஸ்ஸில் இருக்கும்போது வரும். வீட்டுப் படலையைத் திறந்ததும் போய்விடும்.

பிறகு பிள்ளை பால் குடிக்க மறுத்தான். வாந்தி. கண் வெள்ளையில் மஞ்சள். ஆஸ்பத்திரி வார்ட்டில் இளம் பெண் டொக்டர் ஒருவர், நாட்டு மருந்து ஏதும் கொடுத்தீர்களா என்று கேட்டார். மாமி பக்கத்தில் நின்றார். மற்றத் தாய்மாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இல்ல டொக்டர்" என்றேன்.

அன்று முழுதும் இரத்தம் எடுத்து எடுத்துப் பார்த்தார்கள். அந்தச் சின்னக் கையில் நரம்பு கிடைக்கவில்லை, காலிலும் குத்தினார்கள். ஒவ்வொரு தடவையும் சொல்லிவிட நினைத்தேன். முதலில் சொன்ன பொய் குறுக்கே நின்றது. மறுநாள் காலை டொக்டர் அதே கேள்வியை மறுபடி கேட்டபோது மாமிதான் முன்னால் வந்தார்.

"நான்தான் குடுத்தநான் டொக்டர். மருமகள் சோதிச்சுப் பார்த்திட்டு நல்லமெண்டவள். அதுக்கு மறுகாத்தான் குடுத்தநான்."

டொக்டர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"எதில சோதிச்சீங்க?"

"றால் குஞ்சில."

யாரும் சிரிக்கவில்லை.

அதன் பிறகே வைத்தியம் வேறு வழியில் போனது. மகன் மெல்ல மெல்லத் தேறினான். இலைதான் காரணம் என்று அறுதியாகச் சொல்ல முடியாது என்றார் டொக்டர். வீட்டுக்கு வந்த அன்றே மாமி அந்தச் செடியை வேரோடு பிடுங்கி எறிந்தார். என்னை ஒரு சொல் குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். இப்போது பிள்ளை இருமினால் ஓமத் தண்ணீர்கூடக் கொடுப்பதில்லை. நான் வந்ததும் அவனை என் கையில் தந்துவிட்டு உள்ளே போய்விடுகிறார்.

அந்த இலையைப் பற்றி எனக்கு இன்றும் சந்தேகம்தான். ஆனால் ஆஸ்பத்திரியில் அந்த ஒரு நாளை என் பிள்ளையிடமிருந்து பறித்தது நான் என்பதில் ஒரு சந்தேகமும் இல்லை.