கலஹா மலையில் ஊற்றும் தாங்கியும் சேர்ந்த நாள்

நம் நாட்டுக்கு வரும் வெளிநாட்டு உதவி நிறுவனங்கள் ஆளுக்கொரு பக்கம் இழுக்காமல் பார்த்துக்கொள்வது என் தொழில். ஊர் யாழ்ப்பாணம், வேலை கொழும்பில். கூட்டம் போடுவேன், மின்னஞ்சல் அனுப்புவேன், பதில் வராவிட்டால் மறுபடி அனுப்புவேன். போன மாதம் கலஹாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துக்குப் போனதும் ஓர் இழுபறியால்தான். ஒரு நிறுவனம் அங்கே தண்ணீர்த் தாங்கி கட்டியது. இன்னொன்று காட்டு ஊற்றிலிருந்து குழாய் போட்டது. தாங்கியின் வாய் அங்குல அளவு, குழாய் மில்லிமீற்றர் அளவு. பொருந்தவில்லை. இணைப்பது எங்கள் திட்டத்தில் இல்லை என்று இருவருமே கைவிரித்தார்கள். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். நடுவில் நின்ற எனக்குத் திண்டாட்டம். மாதக்கணக்கில் கெஞ்சி, இருவரையும் ஒரே நாளில் வரச் சம்மதிக்க வைத்தேன்.

கண்டியில் முதல் நாளே ஒரு ஹாட்வெயார் கடையில் இரண்டு அளவையும் சேர்க்கும் இணைப்பை வாங்கிவிட்டேன். கைப்பிடிக்குள் அடங்கும் சாமான், இதற்கா இத்தனை கூத்து! காலை ஏழரைக்குக் கலஹா பஸ். தூரம் இருபது கிலோமீற்றர் சொச்சம்தான், ஆனால் ஒன்றேகால் மணி நேரம் எடுக்கும். பேராதனை தாண்டி ஏறும்போது ஒரு வளைவில் மேகம் எங்களுக்குக் கீழே கிடந்தது. வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். கலஹாவிலிருந்து ஆட்டோவுக்கு எண்ணூறு ரூபா, ஓட்டியவர் சிவா.

தோட்டத்துத் தண்ணீர்க் குழுவின் தலைவி ராசம்மா அக்கா தேத்தண்ணியோடு காத்திருந்தார். அவருடைய மகளுக்குப் பேராதனை ஆஸ்பத்திரியில் குழந்தை பிறந்திருந்தது. தாயும் பிள்ளையும் அங்கேயே சொந்தக்காரர் வீட்டில் இருந்தார்கள்.

“தண்ணி கீழ ஓடையிலேருந்துதான் தூக்கணும். பச்சப்புள்ள துணி அலசக்கூட தண்ணி இல்லாத எடத்துக்கு எப்புடிங்க கூப்புடுறது?” என்றார். “இன்னிக்கித் தண்ணி வந்தா இன்னிக்கே வருவா. பையக் கட்டி வச்சிருக்கா.”

அதுவரை என் மின்னஞ்சல்களில் மட்டுமே சண்டை போட்டிருந்த இரண்டு பொறியியலாளர்கள், ஒருவர் ஜப்பானியர், மற்றவர் ஜெர்மன்காரி, சேற்றில் முழங்காலிட்டு இணைப்பை முறுக்கினார்கள். மேலே ஊற்றடியில் தோட்டத்து ஆட்கள் வால்வைத் திறந்தார்கள். முதலில் வெறும் காற்று, தாங்கிக்குள் கொர்ரென்று உறுமியது. பிறகு செந்நிறமாக ஒரு கலங்கல். பிறகு தண்ணீர், கண்ணாடியாய், கைவைத்தால் விறைக்கும் குளிரோடு! எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது. ஒரு மலை தன் தண்ணீரைத் தருவதை அவ்வளவு கிட்டத்தில் நான் பார்த்ததில்லை. ராசம்மா அக்கா முதல் செம்பை முனியாண்டிக்கென்று மண்ணில் ஊற்றினார். அடுத்ததை எங்களுக்குக் குடிக்கத் தந்துவிட்டு, போனை எடுத்துக்கொண்டு சிக்னல் கிடைக்கும் மேட்டுக்கு ஓடினார்.

இப்படித் திட்டங்களைப் பார்க்கப் போகிறவர்கள் காலையிலேயே போய்விடுங்கள், பின்னேரம் பனிமூட்டம் இறங்கிவிடும். தோட்ட அலுவலகமான கந்தோரில் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். அட்டைக் கடிக்குக் காலில் சவர்க்காரம் பூசுங்கள். இரண்டு நிறுவனங்களின் வேலை என்றால், இரண்டும் எங்கே சந்திக்கின்றன என்பதை முதலில் போய்ப் பாருங்கள்.

சாப்பிட்டுவிட்டு இறங்கினேன். கலஹா பஸ் தரிப்பிடத்தில் சிவா ஆட்டோவை நிறுத்தியபோது, பேராதனை பஸ்ஸிலிருந்து ஒரு பெண் கைக்குழந்தையோடு இறங்கினாள்.

“ராசம்மா அக்கா மகதாங்க,” என்றார் சிவா.

அவள் என்னைப் பார்த்து, “தண்ணி நெசமா வந்துருச்சாங்க?” என்று கேட்டாள்.

“ஓம், வந்திட்டுது. நானே குடிச்சனான்.”

குழந்தையின் தலையைச் சேலையால் மூடிக்கொண்டு, நான் இறங்கிய இடத்தில் ஏறி உட்கார்ந்தாள்.

“மெதுவா போங்கண்ணே,” என்றாள். “புள்ள இப்பதான் மொத தடவையா வீட்டுக்கு வருது.”