கடைசி ஆட்டத்தின் முடிவு

ஜேர்மனியின் சார்புருக்கனில் காரோட்டும்போது வானொலியில் பிரெஞ்சு உதைபந்தாட்ட வர்ணனை கேட்டது. எல்லையோர நகரில் இது சாதாரணம். எனக்கு மட்டும் பன்னிரண்டு வயது திரும்பியது.

அப்போது அகதி விண்ணப்பம் முடிவாகாததால் அப்பாவால் எல்லை தாண்ட முடியாது. அவருடைய தம்பி, என் சித்தப்பா, பிரான்சில் ஸ்ட்ராஸ்பூர்க்கில் இருந்தார். அந்த ஊர் அணி முதற்பிரிவில் ஆடிய ஆட்டங்களையெல்லாம் அப்பா சமையலறை வானொலியில், பொரித்த மீன் வாசத்துக்கு நடுவே கேட்பார். பள்ளியில் பிரெஞ்சு படித்த நான் மொழிபெயர்ப்பேன். முடிந்ததும் தம்பிக்குப் போன் எடுப்பார்.

அந்தப் பருவத்தின் கடைசி ஆட்டத்தில் வென்றால்தான் அணி முதற்பிரிவில் நிலைக்கும். எனக்கோ தோழியின் பிறந்தநாளுக்குப் போகும் அவசரம். அணி ஒரு கோல் பின்தங்கியிருந்தபோதே, "முடிஞ்சுது அப்பா, தோத்திட்டினம்" என்று வானொலியை நிறுத்திவிட்டேன்.

"பாவம் அவன். இண்டைக்குப் போன் எடுக்கேலாது," என்றார் அப்பா.

மறுநாள் சித்தப்பாவே எடுத்தார். "நாங்கள் வெண்டிட்டம். உங்கட போனைத்தான் பாத்துக்கொண்டிருந்தனான் அண்ணை," என்றது எனக்கும் கேட்டது.

அப்பா என்னைப் பார்த்தார். "வேலை கூடடா, மறந்துபோனன்," என்றார் போனில்.

அடுத்த பருவம் முழுவதும் விளங்காத வர்ணனையை அவர் தனியே கேட்டார். என்னைக் கூப்பிடவே இல்லை. மன்னிப்புக் கேட்க எனக்கு இருபது வருடங்கள் இருந்தன. போன குளிர்காலத்தில் அப்பா காலமாகும்வரை நான் கேட்கவில்லை.