வாயை மூடச் சொன்ன வீடு

என் நெஞ்சுக்குள் ஓர் உலோக வால்வு இருக்கிறது. அமைதியான அறையில் அது 'டிக் டிக்' என்று அடிப்பது பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்கும். நான் பிறக்கும்போது அது கிடையாது. என் அத்தையின் கௌரவம்தான் அதை அங்கே கொண்டுவந்து வைத்தது. இப்படிச் சொன்னால் ராஜபாளையத்தில் எங்கள் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் கோபம் வருகிறது. வரட்டும்.

பன்னிரண்டு வயதில் தொண்டை வலியும் காய்ச்சலும் வந்தன. அது விட்ட கொஞ்ச நாளில் முழங்கால் வீங்கியது. அது வற்றினால் கணுக்கால், பிறகு மணிக்கட்டு. "வளர்ற புள்ளைக்குக் கை கால் வலிக்கத்தான் செய்யும்" என்றார் அத்தை. அப்பாவின் அக்கா. அடுத்த தெருவில்தான் அவர் வீடு, ஆனாலும் எங்கள் வீட்டு உப்பு புளி வரைக்கும் அவர் வைத்ததுதான் சட்டம். அம்மா பயந்துபோய் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு டாக்டரம்மாவிடம் என்னைக் கூட்டிப்போனார். தொண்டைக் கிருமியோடு சண்டைக்குப் போன உடம்பு, ஆள் தெரியாமல் இதயத்தையும் அடித்திருக்கிறது என்று அந்த அம்மா எனக்கே புரியும்படி சொன்னார். காய்ச்சல் திரும்ப வந்தால் இதயத்தில் பிறவியிலேயே இருக்கிற வால்வு கெட்டுவிடும். மூன்று வாரத்துக்கு ஒரு பென்சிலின் ஊசி, பல வருஷம், ஒன்றுகூடத் தவறக் கூடாது.

ஒரு வருஷம் ஒழுங்காகப் போட்டோம். நான் வயதுக்கு வந்ததும் அத்தைக்கு அந்த ஊசி உறுத்த ஆரம்பித்தது.

"சமைஞ்ச புள்ளையை ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா இழுத்துட்டு அலைஞ்சா ஊரு என்ன பேசும்? நாளைக்கு எவன் கட்டுவான்? நல்லாத்தான இருக்கா!"

"தவறக் கூடாதுன்னு டாக்டரம்மா சொன்னாங்களே" என்றேன்.

"நீ வாயை மூடு."

அம்மா அடுப்பைப் பார்த்தபடி நின்றார். அப்பா பேண்டேஜ் துணி மில்லுக்குக் கிளம்பிவிட்டார். ஊசி நின்றது. தொண்டை வலி மட்டும் நிற்கவில்லை, வந்து வந்து போனது.

கல்லூரிக் காலத்தில் தோழிகளோடு அய்யனார் கோவில் அருவிக்குப் போனபோது பாதி வழியில் மூச்சு முட்டிப் பாறையில் உட்கார்ந்துவிட்டேன். பிறகு மாடிப்படி முடியவில்லை. பிறகு தலையணைகளை அடுக்கிச் சாயாமல் படுக்க முடியவில்லை. ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். நுரையீரலில் இருந்து வரும் நல்ல ரத்தம் இதயத்தின் இடது மேலறைக்கு வந்து, அங்கிருந்து கீழறைக்கு இறங்கி, ஒரே அழுத்தில் உடம்பெல்லாம் போக வேண்டும். இரண்டு அறைக்கும் நடுவில் இருக்கிற வால்வு எனக்கு மூடவில்லை. கீழறை அழுத்த அழுத்தப் பாதி ரத்தம் மேலேயே திரும்பி, நுரையீரலில் தேங்கியது. கிணற்று மோட்டாரில் புட்வால்வு போனால் தண்ணீர் கிணற்றுக்கே திரும்பிவிடும். தோட்டத்தில் அது பழுதானால் அன்றைக்கே மெக்கானிக்கைக் கூட்டிவருகிற குடும்பம் எங்களுடையது. என் வால்வுக்குத்தான் ஊர் என்ன பேசும் என்று பார்த்தார்கள்.

மதுரையில் ஆபரேஷன். நெஞ்செலும்பை அறுத்து, இதயத்தை நிறுத்தி, ரத்தத்தை ஒரு மெஷினில் ஓடவிட்டு, கெட்ட வால்வை எடுத்துவிட்டு உலோக வால்வைத் தைத்தார்கள். கண் விழித்தபோது அப்பா என் நெஞ்சுக் கட்டைத் தொட்டுப் பார்த்து, "இது நம்ம ஊருப் பக்கத்துத் துணிதான்" என்றார். அவருக்கு அதுதான் பேச வந்தது. எழுந்து அடிக்கலாம் போல இருந்தது.

வால்வில் ரத்தம் உறையாமல் இருக்க ஆயுள் முழுக்க மாத்திரை. அது வயிற்றில் வளரும் குழந்தையைப் பாதிக்கலாம், நிறுத்தினாலோ என் உயிருக்கே ஆபத்து. கர்ப்பம் என்றால் முன்கூட்டியே கேட்டு, கவனமாக இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அத்தை ஸ்ரீவில்லிபுத்தூரில் மாப்பிள்ளை பார்த்தார். "கல்யாணம் முடிஞ்ச பொறவு பக்குவமா சொல்லிக்கிடலாம்" என்றார். அதாவது, புருஷனுக்குத் தெரியாமல் மாத்திரை விழுங்கி, அவனுக்குத் தெரியாமல் சாகவும் நான் தயாராக இருக்க வேண்டும்.

பெண் பார்க்க வந்த அன்று தழும்பு தெரியாமல் கழுத்தை மூடிய ரவிக்கை. டிவி அலறியது. வாயைத் திறந்தால் வால்வுச் சத்தம் கூடும் என்பதால், "சிரிக்காத. கேட்டா தலையை மட்டும் ஆட்டு" என்று உத்தரவு. காபி கொடுத்துவிட்டு நேராகப் போய் டிவியை அணைத்தேன்.

"என்ன சத்தம் அது, கடிகாரமா?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

"ஆமா, கடிகாரந்தான்" என்றார் அத்தை. மாப்பிள்ளை சுவரைப் பார்த்தார். அங்கே ஒரு காலண்டர் தொங்கியது.

நான் அவர் அம்மாவின் அருகில் போய் உட்கார்ந்து வாயைத் திறந்தேன். டிக், டிக், டிக். அந்த அம்மா என் முகத்தையும் நெஞ்சையும் மாறி மாறிப் பார்த்தார். எல்லாவற்றையும் சொன்னேன். பிள்ளை பெறுவதில் இருக்கும் ஆபத்தையும் சொன்னேன்.

"எனக்கு ஒத்தைப் பையன் தாயி. பேரன் பேத்தி பாக்கணும்னு ஆசை. இது ஒத்துவராது" என்றார். காபியை முழுதாகக் குடித்துவிட்டு, என் கையைப் பிடித்து அழுத்திவிட்டுத்தான் எழுந்தார். அவர்மேல் எனக்குக் கோபமே வரவில்லை.

அவர்கள் வண்டி தெரு முனை தாண்டியதுதான் தாமதம். "செத்த நேரம் வாயை மூடிட்டு இருந்தா கொறைஞ்சா போயிருவ? அம்புட்டையும் கெடுத்துட்டியேட்டி!" என்று அத்தை பாய்ந்தார். நான் பதில் சொல்லும் முன் அடுக்களையில் இருந்து அம்மா வந்தார். அத்தைக்கு நேரே நின்றார். குரல் நடுங்கவில்லை.

"மதினி, இது என் மக. நீங்க உங்க வீட்டுக்குப் போங்க."

அத்தை செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போனார். அவ்வளவுதான். அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை, வானம் இடிந்து விழவில்லை. அம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். நான் அழவில்லை. இத்தனை சுலபமா இது? ஊசியை நிறுத்திய அன்று இந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால், அம்மா கட்டிப்பிடித்திருக்கும் இந்த நெஞ்சில் சத்தமே கேட்டிருக்காது.