கவிழ்த்துப் போட்ட இரண்டு ராஜா

எனக்குப் போக்கர் ஆடத் தெரியும் என்றால் எங்கள் பக்கத்தில் ஆண்கள் சிரிப்பார்கள். பெண்கள் என் அம்மாவைப் பரிதாபமாகப் பார்ப்பார்கள். ஒரு பைசா வைத்து நான் ஆடியதில்லை. திருப்பதியில் படித்தபோது ஹாஸ்டலில் அறைத்தோழி ஒருத்தி சொல்லிக் கொடுத்தாள். பணத்துக்குப் பதில் புளியங்கொட்டை.

கையில் இரண்டு சீட்டு, நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு, சேர்த்துப் பார்த்து யாருடையது பெரிசு என்பதுதான் ஆட்டம். முகத்தை மரமாக வைத்துக்கொள்வதே பெரிய வித்தை என்று ஊரே நினைக்கிறது. சுத்தப் பேத்தல். முகம் சீக்கிரம் பழகிவிடும். ஆசை காட்டுகிற சீட்டைக் கவிழ்த்துப் போட்டு, அந்த ஆட்டத்தை விட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். அதுதான் லேசில் வராது. கூடவே எதிராளியின் வழக்கத்தை மனசில் வைத்திருக்க வேண்டும். எப்போதும் ஆடுகிற மாதிரி அவர் ஆடவில்லை என்றால் அங்கேதான் விஷயம் இருக்கிறது. அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன். அவருக்கு இதையெல்லாம் நான்தான் சொல்லிக் கொடுத்தேன்.

நைனா பங்காருபாளையம் தோப்புகளில் மாங்காய் பறிக்கும் கூலி. சாப்பாட்டு நேரத்தில் மரத்தடியில் ஆட்கள் ரம்மி போடுவார்கள். நைனா உட்கார்ந்தாரென்றால் தோற்கத்தான் உட்கார்ந்தார் என்று அர்த்தம். நல்ல சீட்டு வந்தால் முழங்காலைச் சொறிவார், சிரிப்பை அடக்க மீசையைக் கடிப்பார். போக்கரிலும் அதே கதை. சித்தூர் மாம்பழக்கூழ் ஃபேக்டரியில் வேலை முடிந்து நான் வீடு வந்ததும் சீட்டுக்கட்டோடு நிற்பார். நான் தயவு தாட்சண்யம் பார்க்கமாட்டேன். தெரிந்தே தோற்றுக் கொடுப்பது எனக்குப் பிடிக்காது. எதிரில் இருப்பவரைக் குழந்தையாக்குகிற வேலை அது.

"ஒரு வாட்டியாவது உட்டுக் குடுக்கறாளா பாரு, பெத்த அப்பன்னு கூட பாக்காம" என்று அம்மாவிடம் புகார் சொல்வார். மறுநாளும் ஆட வருவார்.

அப்புறம் அவருக்கு வயிற்று வலி வந்தது. சித்தூரில் பார்த்தோம், சரிவரவில்லை என்று திருப்பதியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். டாக்டர் என்னையும் அம்மாவையும் வராந்தாவுக்குக் கூப்பிட்டுத் தெலுங்கில் மெதுவாகச் சொன்னார். கணையத்தில் புற்று. மற்ற இடங்களுக்கும் பரவிவிட்டது. வீட்டுக்கு அழைத்துப் போய் நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்.

நோயாளியிடம் சொல்லக்கூடாது என்பதை எங்கள் வீடுகளில் யாரும் உட்கார்ந்து முடிவு செய்வதில்லை. அது ஏற்கெனவே முடிவானது. யார் போய்ப் பொய் சொல்வது என்பதுதான் கேள்வி.

"நீயே போ. நான் போனா அழுதுகினு நிப்பேன். உன் மூஞ்சியிலதான் ஒண்ணும் தெரியாது. அல்சருன்னு சொல்லு" என்றாள் அம்மா.

போனேன். சொன்னேன். காரம் துன்னக் கூடாதாம் என்று சேர்த்தும் சொன்னேன். முகம் ஒழுங்காகத்தான் இருந்தது.

"அப்போ சீசனுக்குத் தோப்புக்குப் போலாமா?"

"போலாம் நைனா."

மறுநாள் மத்தியானம், அம்மா கஞ்சி வாங்கக் கீழே போயிருந்தபோது, சீட்டுப் போடலாமா என்று கேட்டார். காலி மாத்திரை அட்டைகளைக் கத்தரித்துக் கொட்டைக்குப் பதில் வைத்துக்கொண்டோம். எனக்கு இரண்டு ராஜா வந்தது. நடுவில் இன்னொரு ராஜா விழுந்தது. நைனாவோ சலைன் ஏறாத கையால் முழங்காலைச் சொறிந்துகொண்டிருந்தார். தன் பங்கு அட்டைகளை மொத்தமாகப் பந்தயம் வைத்து முன்னால் தள்ளினார். அந்தச் சந்தோஷத்தைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. இரண்டு ராஜாவையும் கவிழ்த்துப் போட்டு, "நீயே எடுத்துக்க நைனா" என்றேன்.

சிரித்தபடி அட்டைகளை அள்ளப் போனவர், பாதியில் நிறுத்திவிட்டு என் சீட்டுகளை எடுத்தார்.

"அத்தப் பாக்கக் கூடாது நைனா, ஆட்டத்துல அப்படிக் கெடையாது."

திருப்பிப் பார்த்தார். நடுவில் கிடந்த ராஜாவையும் பார்த்தார். அவர் கையில் இருந்தது வெறும் இரண்டு ஒன்பது. என் மூன்று ராஜாவுக்கு முன்னால் அது நிற்காது.

"அல்சருக்கெல்லாம் நீ உட்டுக் குடுக்க மாட்டியேம்மா" என்றார்.

நான் அழுதுவிட்டேன். பக்கத்துப் படுக்கைக்காரர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு அழுதேன். அவர் அழவில்லை. என் தலையில் கைவைத்து, "உங்கம்மாக்கு மட்டும் சொல்லாத. எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா அவ சோறு துன்ன மாட்டா. எனக்கு அல்சருதான். நீ அப்படியே சொல்லிக்கினு இரு" என்றார்.

அம்மா கஞ்சியோடு வந்தபோது, "இந்தப் பாழாப்போன அல்சரு எப்போதான் போவுமோ, ஒரு பச்ச மொளகா துன்ன முடியல" என்று அலுத்துக்கொண்டார். அம்மா என்னைப் பார்த்துக் கண்ணாலேயே மெச்சிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்த பிறகும் அப்படியேதான். அவர் அல்சரைத் திட்டுவார், அம்மா அல்சருக்குப் பத்தியம் சமைப்பாள். அவர் தூங்கியதும் கொல்லையில் போய் அழுதுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வருவாள். அவள் எழுந்துபோகும் சத்தம் கேட்டதும் அவர் கண்ணைத் திறந்து கூரையைப் பார்ப்பார். இத்தனை வருஷம் ஒன்றாக வாழ்ந்த இரண்டு பேர், ஒரு தடவை சேர்ந்து அழுதிருக்கலாம். இருவர் மேலும் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. இருவருக்கும் வாக்குக் கொடுத்தவள் நான் என்பதால் வாயைத் திறக்க முடியவில்லை.

மாம்பூ பிஞ்சு விடுகிற சமயத்தில் நைனா போய்விட்டார். காரியம் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிய பிறகு அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அழுது அழுது குரல் கம்மியிருந்தது.

"ஒண்ணே ஒண்ணுதான் ஆறுதல். இன்னா வியாதின்னு கடைசி வரைக்கும் அவருக்குத் தெரியாது. பயப்படாம போனாரு, இல்ல?"

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமாம்மா. தெரியாது" என்றேன்.