கேஸ் மாணிக்கம், கன்ட்ரோல் நான்

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். பெங்களூரில் ஒரு டாக்டரம்மா என் பெயருக்கு நேராக ‘கன்ட்ரோல்’ என்று எழுதினார். நான் அதை ஒரு பட்டம் என்று எடுத்துக்கொண்டு, ஏழு மாதம் புகையிலையை இரட்டிப்பாக மென்றேன்.

1. மூன்றாவது கை இல்லாத வேலை

வைண்டிங் இன்ஜின் டிரைவர் என்றால் இப்போதைய பிள்ளைகளுக்குத் தெரியாது. தங்கச் சுரங்கத்தில் ஷாஃப்ட் என்கிற ஆழ்குழிக்குள் ஆட்களை இறக்கி ஏற்றுகிற கேஜ் கூண்டை, மேலே இன்ஜின் ரூமில் உட்கார்ந்து ஓட்டுகிறவன். ஒரு கை பிரேக்கில், ஒரு கை கன்ட்ரோல் லீவரில். பீடி பிடிக்க மூன்றாவது கை கிடையாது. ஆகவே புகையிலை. கன்னத்தில் அடக்கிவிட்டால் அது பாட்டுக்கு அது, நாம் பாட்டுக்கு நாம்.

எனக்கு அடுத்த ஷிஃப்ட் டிரைவர் மாணிக்கம். ஷிஃப்ட் மாறும்போது அவன் உள்ளங்கையில் கசக்குவான், பாதியை நான் எடுத்துக்கொள்வேன். பதினாறு வருடம் ஒரே புகையிலை, ஒரே சுண்ணாம்பு டப்பா.

மைன் மூடுவதற்கு மூன்று வருடம் முன்பு மாணிக்கத்தின் கன்னத்துக்குள் ஒரு புண் வந்தது. ஆறவில்லை. பெங்களூரில் காட்டினால் கேன்சர், தாடையில் பாதியை எடுக்க வேண்டும் என்றார்கள். துணைக்கு நான் போனேன்.

அங்கேதான் அந்த டாக்டரம்மா. ஒரே மாதிரி புகையிலை போடுகிற இரண்டு பேரில் ஒருவருக்கு மட்டும் ஏன் வருகிறது என்று ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். மாணிக்கத்திடம் ரத்தம் எடுத்தவர், என் கையையும் நீட்டச் சொன்னார்.

“எனக்கு இன்னாத்துக்கு மேடம்? நான் நல்லாத்தானே கீறேன்?”

“அதனாலதான் வேணும். புகையிலை விஷத்தை உடம்பு உடைச்சு வெளிய தள்ளும். அந்தத் திறமை பிறவியிலயே ஆளுக்கு ஆள் வித்தியாசப்படும். எல்லாம் ஜீன் சமாச்சாரம்.”

எனக்குப் பளிச்சென்று புரிந்துவிட்டது. மைனில் ஊறுகிற தண்ணீரை வெளியே தள்ளும் பம்ப் மாதிரி. சிலருக்கு இரண்டு பம்ப், சிலருக்கு ஒன்று. மாணிக்கத்தின் டியூபில் ‘கேஸ்’ என்று எழுதினார். என் டியூபில் ‘கன்ட்ரோல்’. லீவர் பிடிக்கிறவனுக்கு இதைவிட என்ன சர்டிபிகேட் வேண்டும்?

2. டபுள் பம்ப்

ஷாஃப்ட் வாயில் நின்று, கேஜை ஏற்றவும் இறக்கவும் எனக்கு மணியடிக்கிற அந்தோணி ஒருநாள் கேட்டான்.

“இன்னாண்ணா, மாணிக்கண்ணா ஆஸ்பத்திரில படுத்துனு கீறாரு. நீ ரெண்டு கன்னத்துலயும் ரொப்பினு கீற?”

“நான் கன்ட்ரோல்பா. பொறப்புலயே டபுள் பம்ப். எங்க நைனா எழுபத்தெட்டு வயசு வரைக்கும் மென்னாரு, தெரியுமா?”

“அப்ப எனக்கும் கொஞ்சம் குடேன்.”

“போடா, உன் பம்ப்பை யார் டெஸ்ட் பண்ணாங்க?”

இந்தக் கதையை மாரிகுப்பம் ரயிலில் ஏறியவன் இறங்கியவன் எல்லாரிடமும் சொன்னேன். கேட்காதவர்களிடமும் சொன்னேன்.

3. மோரில் மிளகாய்

பிறகு வீட்டில் என் மனைவி வைக்கிற ரசம் காரமாகிவிட்டது.

“இன்னா வசந்தா, இவ்ளோ மொளகா போட்டுக்கீற?”

“அதே மொளகாதான்யா. புள்ளைங்க கம்முனு துண்றாங்க பாரு.”

மூன்றாம் நாள் மோர் எரிந்தது. மோரிலும் மிளகாய் போட்டாயா என்று கேட்டேன். வசந்தா டார்ச்சை எடுத்து என் வாய்க்குள் அடித்தாள். கன்னத்தில் சுண்ணாம்பு பூசியதுபோல ஒரு வெள்ளைத் திட்டு.

“நாளைக்கு லீவு போடு” என்றாள்.

டாக்டரம்மா திட்டிலிருந்து துளி சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பினார். ரிசல்ட் வந்த அன்று திரும்பப் போனேன். கேன்சர் இல்லை. ஆனால் ஆகலாம். புகையிலையை இன்றோடு விட்டால் தப்பிக்க வழி அதிகம். மாதாமாதம் வந்து காட்ட வேண்டும்.

“எப்படி மேடம்? நான் கன்ட்ரோல் ஆச்சே!”

“கன்ட்ரோல்னா பரிசா? நோயாளியோட ஒத்துப் பார்க்க, நோய் இல்லாத ஆள்னு அர்த்தம். ரத்தம் எடுத்த அன்னிக்கு உங்களுக்கு நோய் இல்லை. அவ்வளவுதான்.”

“அப்ப என் டபுள் பம்ப்பு?”

“எந்தப் பம்ப்பு?”

விளக்கினேன். அவர் பேனாவை மூடி வைத்தார்.

“நூத்துக்கணக்கான பேரைச் சேர்த்துப் பார்த்தாத்தான் எங்களுக்கே ஏதாவது புரியும். உங்க ஒருத்தர் ரத்தத்தை வெச்சு ஜோசியம் சொல்ல முடியாது. சரி, பம்ப் நல்லாவே இருக்கட்டும். நீங்க தண்ணியைத் திறந்து விட்டுக்கிட்டே இருந்தா?”

ஷாஃப்ட் மூழ்கிவிடும். இத்தனை வருடம் மைனில் இருந்தவனுக்கு அதை ஒரு டாக்டர் சொல்ல வேண்டியிருந்தது.

பயம் வந்தால் எனக்குத் தெரிந்த மருந்து ஒன்றுதான். திரும்பும் ரயிலில் ஒரு சிட்டிகை புகையிலையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டேன். கோரமண்டல் ஸ்டேஷனில் இறங்கி நேராக மாணிக்கம் வீட்டுக்குப் போனேன். வழியும் எச்சிலுக்குத் தாடையோரம் துண்டை ஒத்தியபடி ஸ்பூனில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான். எல்லாவற்றையும் கொட்டினேன்.

“நீ கேஸாம், நான் கேஸ் ஆவாதவனாம், அவ்ளோதானாம்டா. நான் தப்பிச்சிக்குவேனா மாணிக்கம்?”

தாடை போன பிறகு அவனுக்கு ஒவ்வொரு வார்த்தையும் ஒரு வேலை. ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு, உப்பியிருந்த என் கன்னத்தைப் பார்த்தான்.

“மொதல்ல துப்பு.”