கடைசி இடத்து இயர்போன்

என் அக்காவுக்குக் கேட்பது ஒரு காதுதான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவளைப் பற்றிப் பேச வாயெடுக்கிற எல்லாரும் சுற்றிவளைத்து இங்கேதான் வந்து நிற்பார்கள், அதுவும் ஏதோ துக்கம் விசாரிக்கிற மாதிரி குரலைத் தாழ்த்தி. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தாழ்த்துவதற்கு இதில் என்ன இருக்கிறது? சின்ன வயதில் பொன்னுக்கு வீங்கி வந்தது, இடது காது போனது. வலது காது இருக்கிறது. அந்த ஒற்றைக் காதை வைத்துக்கொண்டு அவள் கேட்கிற பாட்டில் பாதியைக்கூட, இரண்டு காதும் ஒழுங்காக இருக்கிற எங்கள் வீட்டு ஆட்கள் கேட்டதில்லை.

மருத்துவமனைகளின் படுக்கை விரிப்புகளைத் துவைத்து, உலர்த்தி, தேய்த்து அனுப்புகிற ஆலையில் அவள் மேற்பார்வையாளர். உள்ளே போனால் நீராவியும் இரைச்சலும்தான். ஈர விரிப்பை இரண்டு பேர் ஆளுக்கொரு முனை பிடித்துச் சூடான உருளைக்குள் விட, அந்தப் பக்கம் மொடமொடவென்று வெளியே வரும். அக்கா காலை முதல் மாலை வரை காதுக்கவசத்தைக் கழற்ற மாட்டாள். கேட்காத காதுக்கும் எதற்கு மூடி என்று புதிதாக வந்த ஒருத்தி கேட்டாளாம். "அது ஓய்வுல இருக்கு, தொந்தரவு பண்ணாத" என்றாளாம் இவள்.

வீட்டுக்கு வந்து கையைக் கழுவிவிட்டு இயர்போனை எடுப்பாள். பேருந்தில் விற்கிற ரகமில்லை. மேடையில் பாடுகிறவர்கள் போட்டுக்கொள்வார்களே, காதுக்குள் அப்படியே பொருந்தி, கம்பி காதுக்கு மேலே சுற்றிப் பின்பக்கம் இறங்குமே, அந்த வகை. ஒவ்வொன்றும் புளியங்கொட்டை அளவுதான் இருக்கும். அதற்குள் நாலைந்து குட்டி ஒலிபெருக்கிகளை அடைத்து வைத்திருப்பார்கள். விலையைக் கேட்டால் நமக்கு ஒரு நிமிடம் காது அடைத்துவிடும். அத்தான் லிஃப்ட் பழுது பார்க்கிறவர், நல்ல மனிதர், வாய்தான் சும்மா இருக்காது. "காதே ஒண்ணு, அதுக்கு எதுக்கு ஜோடி? பாதி விலைக்குத் தருவாங்களான்னு கேளு" என்று ஒருநாள் சொல்லிவிட்டார். அந்த வாரம் முழுக்கச் சட்டையை அவரே தேய்த்துக்கொண்டார்.

அக்கா கேட்கிற முறையே தனி. போனில் இரண்டு பக்க ஒலியையும் ஒன்றாகக் கலக்கிற வசதி இருக்கிறது, முதலில் அதைப் போட்டுக்கொள்வாள். வலது துண்டை வலது காதில் வைத்து ஒரு பாட்டின் ஒரு பகுதியைக் கேட்பாள். பிறகு அதைக் கழற்றிவிட்டு, இடது துண்டைத் தலைகீழாகத் திருப்பி அதே காதில் வைப்பாள். அது அங்கே உட்காரவே உட்காராது. மென்மையான பஞ்சு முனை ஒன்றை மாட்டி விரலால் அழுத்திப் பிடித்தபடி அதே பகுதியை மறுபடி கேட்பாள். அழுத்தம் கொஞ்சம் விட்டாலும் காற்று நுழைந்து அடிச்சத்தம் முழுக்க ஓடிவிடும். மறுபடி வலது, மறுபடி இடது. பார்க்கிறவர்களுக்குக் காதைக் குடைகிறாளோ என்றுதான் தோன்றும். இரண்டு துண்டும் ஒரே மாதிரி பாடாத ஜோடிகள், அதுவும் கொள்ளை விலைக்கு விற்கிறவை, நிறைய உண்டு என்று அவள்தான் எனக்குச் சொன்னாள்.

போன வருடம் அந்தக் காதும் வம்பு செய்ய ஆரம்பித்தது. அழைப்பு மணி கேட்கவில்லை, குக்கர் விசில் கேட்கவில்லை. மருத்துவரிடம் நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். கீழ்ச்சத்தமெல்லாம் நன்றாகக் கேட்கிறது, கீச்சென்ற மேல்சத்தத்துக்குப் போகப் போகக் காது இறங்கிவிடுகிறது, இது திரும்பி வராது, இன்னும் இறங்கும் என்றார். சத்தத்தைக் கூட்டி வைத்துப் பாட்டுக் கேட்டால் இன்னும் சீக்கிரம் போய்விடும் என்றும் சொன்னார். வெளியே வந்து நான் அழுதுகொண்டிருந்தேன், அவள் எனக்குத் தண்ணீர் வாங்கிக் கொடுத்தாள். "சத்தம் கூட்டாமலே பாட்டு முழுசா கேக்குற மாதிரி ஏதாவது ஒண்ணு இருக்கும்டி. தேடிப் பிடிக்கிறேன்" என்றாள். பாட்டை விட்டுவிடு என்று வீட்டில் எல்லாரும் கரடியாய்க் கத்தினோம். கத்தியதில் நானும் உண்டு. அவள் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

தேடுவதற்கு அவளுக்கு இருந்தது ஒரே இடம், முன்பிருந்தே போய்க்கொண்டிருந்த இடம். இயர்போன் கடை ஒன்றின் மாடியில் ஞாயிறு காலைகளில் ஒரு சங்கம் கூடும். நீள மேசை, தேய்ந்த நாற்காலிகள், ஜன்னலை எப்போதும் சாத்தி வைத்திருப்பார்கள். பத்துப் பன்னிரண்டு ஆண்கள், இவள் ஒருத்தி. துணைக்கு என்று நான் போவேன். உண்மையில் வேடிக்கை பார்க்கத்தான் போனேன். பெரிய பெரிய ஆட்கள் காதை அடைத்துக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருப்பதைப் பார்க்க வேறெங்கே போவது? கடைக்காரர் புதிதாக வருகிற ஜோடிகளைக் கேட்டுப் பார்க்கத் தருவார். சின்னக் கருவி ஒன்றை வைத்து எல்லாவற்றின் சத்தத்தையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்த பிறகுதான் ஒப்பிடுவார்கள், ஏனென்றால் கொஞ்சம் உரக்கப் பாடுவதுதான் யாருக்கும் நன்றாகப் பாடுவது போலத் தோன்றும். வருடக் கடைசியில் வாக்களித்து வரிசைப்படுத்தி அதை இணையத்தில் போடுவார்கள். அதன்பின் கேட்டுப் பழகிய அந்த ஜோடிகளைக் கடைக்காரர் உறுப்பினர்களுக்கே குறைந்த விலைக்குக் கொடுத்துவிடுவார். தலைவர் முதலில் எடுப்பார், மற்றவர்கள் சீட்டுக் குலுக்கி. வாக்களித்தவருக்குத்தான் எடுக்கிற முறை உண்டு. புதுசாக வாங்குவதெல்லாம் அக்காவின் சம்பளத்துக்கு ஆகாத காரியம்.

தலைவர் மருந்துக்கடை வைத்திருக்கிறவர். நான் வைத்த பெயர் கிராஃப். எந்த இயர்போன் வந்தாலும் முதலில் ஒரு குழாய் மைக்கில் சொருகிக் கணினியில் கோடு வரையவிடுவார். கோடு எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்று பார்த்துவிட்டுத்தான் முகத்தில் சிரிப்பா சுளிப்பா என்று முடிவு செய்வார்.

அந்த வருடம் வந்தவற்றில் கரும்பச்சை நிறத்தில் ஒரு ஜோடி இருந்தது. மேல்சத்தத்தில் அதன் கோடு செங்குத்தாக ஏறியது. காதைக் கிழிக்கிறது என்று ஆளாளுக்கு முகத்தைச் சுளித்து, விசில் என்று பெயரும் வைத்தார்கள். செய்த கம்பெனியே அதை நிறுத்திவிட்டதாம். அக்கா அதை வாங்கி, சத்தத்தை மிகவும் தாழ்த்தி, தன் காதில் வைத்தாள். அவள் கை என் முழங்கையைப் பிடித்தது. "மூச்சு கேக்குதுடி. பாடுறதுக்கு முன்னாடி அந்தம்மா மூச்சு இழுக்குறது கேக்குது."  அந்த மூச்சு அவளுக்குக் கேட்டு எவ்வளவோ நாளாகியிருந்தது. வேறு எந்த ஜோடியிலும் அதைக் கேட்கச் சத்தத்தைக் கூட்டியாக வேண்டும், கூட்டினால் காது போய்விடும். அன்றே அவள் முடிவு செய்துவிட்டாள். விசிலை யாரும் எடுக்கப்போவதில்லை, அவள் முறை கடைசியில் வந்தாலும் அது அவளுக்குத்தான். நான் நிம்மதியாக இருந்தேன், புத்தி கெட்டவள்.

வாக்களிக்கிற நாள் வந்தது. காகிதம் கொடுப்பதற்கு முன் கிராஃப் தொண்டையைச் செருமினார். வாத்தியங்கள் எது இந்தப் பக்கம், எது அந்தப் பக்கம் நிற்கிறது என்று தெரிய இரண்டு காது வேண்டும், இது யாருடைய குற்றமும் இல்லை என்று ஆரம்பித்தார். வெளியாட்கள் இந்த வரிசையை நம்பி வாங்குகிறார்கள், போனமுறையே அக்காவின் வாக்கு ஒன்று எல்லாவற்றையும் புரட்டிப் போட்டது என்றார். இந்த முறை அவள் வாக்கை எண்ணாமல் தனியாக வைத்துவிடலாம் என்றார். கடைசியில் கொஞ்சம் குழைந்தார். "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. நீங்க எப்பவும் போல வாங்க, கேளுங்க. வோட்டு மட்டும்தான்."

வாக்கு இல்லை என்றால் முறையும் இல்லை. இது அவருக்குத் தெரியாதா? நான் வரிந்து கட்டிக்கொண்டு எழுந்தேன். மருந்து கொடுக்கிற கையால் இப்படியும் செய்வார்களா என்று என்னென்னவோ கேட்டுவிட்டேன். அக்கா என் புடவையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். அவள் எழுந்திருக்கக்கூட இல்லை.

"எண்ணாம விடறதுக்கு நான் ஒத்துக்க மாட்டேன். வேணும்னா என் வோட்டுக்குப் பக்கத்துல ஒத்தக் காதுன்னு எழுதிக்கங்க. அப்படியே மத்தவங்க வோட்டுக்குப் பக்கத்துலயும் அவங்கவங்க காது எப்படின்னு எழுதணும். படிக்கிறவங்களுக்குத் தெரியட்டும்."

அதெல்லாம் எதற்கு என்று யாரோ முனகினார்கள். அக்கா விடவில்லை. ஒவ்வொருவராகப் பார்த்தாள். மடித்த விரிப்பில் கறை இருந்தால் ஆலையில் பார்ப்பாளே, அதே பார்வை. சங்கத்தில் இருந்த பல் வைத்தியர்தான் முதலில் நெளிந்தார். பல் குடைகிற இயந்திரத்தோடு காலம் தள்ளியதில் தன் காதில் எப்போதும் ஒரு ரீங்காரம் இருக்கிறது, வீட்டில்கூடச் சொன்னதில்லை என்றார். டிரம்ஸ் வாசிக்கிறவர் தன் ஒரு காது அடைத்தது அடைத்தபடியே இருக்கிறது என்றார். அதற்கப்புறம் வரிசையாக வந்தது. அந்த மாடியில் பழுதில்லாத காது எனக்கு மட்டும்தான் இருக்கும்போலிருக்கிறது, எனக்கோ இசை என்றால் கொட்டாவி வரும்.

கிராஃப் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். துடைத்து முடித்ததை மறுபடி துடைத்தார். "எனக்கும் மேல்சத்தம் பாதிதான். டெஸ்ட் பண்ணிப் பாத்துட்டேன். என் காதை நம்ப முடியல, அதான் கோட்டைப் பாக்குறேன்" என்றார். சத்தியமாக அந்த நிமிடம் எனக்கு அவர்மேல் இருந்த கோபமெல்லாம் வடிந்துவிட்டது. காகிதங்களை எல்லாருக்கும் கொடுத்தார், அக்காவுக்கும் ஒன்று. எல்லா வாக்கும் எண்ணப்படும் என்றார்.

அத்தோடு விட்டிருக்கலாம். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க அவளால் முடிந்ததா? விசிலைக் காதில் வைத்து முழுசாக ஒரு பாட்டாவது கேட்டீர்களா என்று அவரைக் கேட்டாள். கோட்டைப் பார்த்தவுடனே கழித்துவிட்டேன் என்று அவர் ஒப்புக்கொண்டார். கேட்டுவிட்டுக் கழியுங்கள் என்று பெட்டியை மேசைமேல் அவர் பக்கம் நகர்த்தினாள். நான் அவள் காலை மிதித்தேன். அவள் காலை நகர்த்திக்கொண்டாள்.

அவர் போட்டுக்கொண்டார். முதலில் முகத்தில் ஒன்றும் இல்லை. பிறகு கண்ணைத் திறந்தார், பாட்டைப் பின்னால் தள்ளி மறுபடி கேட்டார். "பின்னாடி சின்னதா ஒரு மணி அடிக்குதே, இது எப்பவும் இருந்துச்சா?" என்று பல் வைத்தியரைக் கேட்டார். எப்பவும் இருந்தது என்றார் அவர். கிராஃப் அந்தப் பாட்டைத் தன் கல்யாணத்துக்கு முன்பிருந்தே கேட்கிறவராம்.

வாக்கு எண்ணி முடிந்தது. இரண்டு பேர் மேலே வைத்தும் விசில் கடைசியாகத்தான் வந்தது. எடுக்கிற நேரம் வந்ததும் தலைவர் என்ற முறையில் கிராஃபை முதலில் கூப்பிட்டார் கடைக்காரர். முதலிடத்தில் வந்த ஜோடி வெல்வெட் பெட்டியில் பளபளவென்று உட்கார்ந்திருந்தது. கிராஃப் அந்தப் பக்கமே திரும்பவில்லை. விசில் இன்னும் அவர் காதில்தான் இருந்தது. "நான் இதையே எடுத்துக்கிறேன்" என்றார்.

 விதிப்படி அவர் செய்ததில் ஒரு தப்பும் இல்லை. வேண்டாத வேலை செய்து இருந்ததையும் கோட்டைவிட்டாயே என்று அக்காவை அங்கேயே அறையலாமா என்றிருந்தது. அக்கா இப்போதுதான் எழுந்தாள். மேசையைச் சுற்றிக்கொண்டு போய் அவர் எதிரே நின்று கையை நீட்டினாள்.

"குடுங்க."

தலைவருக்குத்தான் முதல் முறை என்று கடைக்காரர் இழுத்தார். அக்கா அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"முறை உங்களோடதுதான். நான் இல்லேங்கல. ஆனா எனக்கு இருக்கிற இந்த ஒண்ணும் போய்க்கிட்டிருக்கு. டாக்டர் சொல்லிட்டார். சத்தம் கூட்டினா சீக்கிரம் போயிரும். கூட்டாம எனக்குக் கேக்குறது இதுல மட்டும்தான். உங்களுக்கு மணி கேக்கணும்னா வேற எதுலயாவது சத்தத்தைக் கூட்டிக் கேளுங்க, ஒரு காது போனாலும் இன்னொண்ணு இருக்கும். எனக்கு இல்ல. கழட்டிக் குடுங்க."

 அவள் குரலில் கெஞ்சல் மருந்துக்குக்கூட இல்லை. என் அக்கா யாரிடமும் கெஞ்சி நான் பார்த்ததில்லை, அன்றும் பார்க்கவில்லை. நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது.

கிராஃப் உடனே கழற்றவில்லை. ஓடிக்கொண்டிருந்த பாட்டு முடிகிறவரை கேட்டார். அக்கா அதுவரை நின்றாள். பிறகு அவர் ஒவ்வொன்றாகக் கழற்றி, முனைகளைத் துணியால் துடைத்து, அவள் உள்ளங்கையில் வைத்தார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. கீழே கல்லாவில் பணத்தைக் கட்டிவிட்டுத் தெருவுக்கு வந்தோம். மேலே போய் அவருக்கு ஒரு நன்றியாவது சொல்லிவிட்டு வரலாம், பாவம் என்றேன்.

"எதுக்கு?" என்றாள் அக்கா. "வோட்டு இல்லேன்னு சொன்னப்ப நான் அழுதேனா? அவர் கொஞ்சம் அழட்டும்."