பத்துப் போட்ட முழங்கால்

என் முழங்காலைப் பற்றி யாராவது விசாரித்தால் எனக்குக் கோபம் வரும். விசாரிக்காவிட்டாலும் கோபம் வரும். பன்னிரண்டு வருடமாக மூட்டுவாதத்தோடு குடித்தனம் நடத்துகிறவளுக்கு இந்த அளவு கோணல் புத்தி இருக்கத்தான் செய்யும். முதலில் விரல்களில் தொடங்கியது, பிறகு மணிக்கட்டு, பிறகு இடது முழங்கால். மருந்து எழுதித் தருகிற கிளினிக் கொப்பி மட்டும் மூன்று நிரம்பி மாறிவிட்டது. மற்ற மூட்டுகளை மாத்திரைகள் ஓரளவு அடக்கி வைத்திருந்தன. இடது முழங்கால் அடியோடு தேய்ந்து போயிருந்தது. அதை எடுத்துவிட்டு உலோக மூட்டு வைப்பதுதான் வழி என்று டாக்டர் சொன்னார். பெயரைப் பதிந்துவிட்டு இரண்டு வருடம் காத்திருந்தேன்.

கண்டி டவுனில் ஓர் அரசாங்கக் காரியாலயத்தில் நான் எழுதுவினைஞர். ஹேவாஹெட்டப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, பரீட்சை எழுதிப் பிடித்த வேலை. என் அண்ணன் தன் படிப்பை விட்டுவிட்டுத் தோட்டத்தில் தொழிலாளியாகப் பேர் பதிந்துதான் என்னைப் படிக்க வைத்தார். தமிழில் வருகிற கடிதங்களைச் சிங்களத்தில் போடுவதும், கவுண்டரில் வந்து நிற்கிறவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுப்பதும் என் பாடு.

காரியாலயத்தில் எட்டே முக்காலுக்கு வரவுப் பதிவேட்டில் சிவப்புக் கோடு இழுத்துவிடுவார்கள். அதற்குப் பிறகு வருகிறவர்கள் கோட்டுக்குக் கீழே கையெழுத்து வைக்க வேண்டும். அப்படிக் கீழே விழுகிற கையெழுத்துகள் சேரச் சேர லீவில் கை வைப்பார்கள். மூட்டுவாதக்காரிக்குக் காலை நேரம்தான் எமன். எழும்பி ஒன்றரை மணி நேரத்துக்கு விரல் மடங்காது, கால் நீளாது. அந்தக் காலோடு கெலிஓயாவில் பஸ் ஏறி, டவுனில் இறங்கி, படி ஏறிப் போனால் சிவப்புக் கோடு எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருக்கும்.

ஒரு நாள் எங்கள் மேலதிகாரி மேடம் கூப்பிட்டு உட்காரக் கதிரையைக் காட்டினார். கெட்டவர் இல்லை. சிங்களத்தில், மெதுவாகத்தான் சொன்னார். "ஆபரேஷன செஞ்சிட்டு நல்லபடியா வேலைக்கு வாங்க. இல்லாட்டி மெடிக்கல் போர்டுக்கு அனுப்புறத தவிர எனக்கு வேற வழியில்ல." மெடிக்கல் போர்ட் என்றால் நாற்பத்து மூன்று வயதில் வேலையை விட்டு வீட்டுக்குப் போ என்று அர்த்தம். ஆபரேஷனுக்கும், பிறகு நடக்கப் பழகுவதற்கும் வேண்டும் என்று மிச்சமிருந்த லீவைப் பொத்திப் பொத்தி வைத்தேன். அதில் ஒரு நாளைத் தொடுவதென்றாலும் வயிறு எரியும்.

கடைசியில் திகதி கிடைத்தது. திங்கட்கிழமை வார்டில் சேர வேண்டும், புதன்கிழமை ஆபரேஷன். அதற்கு ஒரு கிழமைக்கு முன்பே வலி மாத்திரையை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். ஐயோ சாமி, அந்த ஒரு கிழமை! காலைத் தரையில் வைக்க முடியவில்லை. ஆனால் அந்த ஏழு நாளில் ஐந்து நாள் வேலை இருந்தது. வீட்டில் கிடந்தால் ஐந்து நாள் லீவு போய்விடும்.

என் கணவர் கெலிஓயாவில் த்ரீவீல் ஓட்டுகிறார். கலகெதரப் பக்கம் எலும்புக்குப் பேர்போன ஒரு நாட்டு வைத்தியர் இருப்பதாக முன்பே சொல்லியிருந்தார். அவரிடம் முழங்காலில் பூசிக் கட்டப் பத்து வாங்கி வாருங்கள் என்றேன்.

"டாக்டர்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுப் போடுவமே," என்றார்.

"கேட்டா வேணாம்னுதான் சொல்லுவாங்க. நீங்க வாங்கிட்டு வாங்க."

வாங்கி வந்தார். இலையும் வெள்ளைப்பூண்டும் என்னென்னவோ எண்ணெயும் சேர்த்து அரைத்த பச்சைக் களிம்பு. அவரே பூசி, துணி சுற்றிக் கட்டிவிட்டார். சும்மா சொல்லக்கூடாது, மறுநாள் கால் நீண்டது. பஸ்ஸில் ஏறினேன், கோட்டுக்கு மேலே கையெழுத்து வைத்தேன், பரீட்சையில் முதலாவதாக வந்த பிள்ளைபோல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன். மூன்றாம் நாள் கட்டுக்குள்ளே எரிந்தது. அவர் அவிழ்த்துப் பார்த்துவிட்டு முகம் மாறினார்.

"கழட்டிருவமா? தோலு ஒரு மாதிரியா செவந்து கெடக்கு."

"வெள்ளிக்கெழம வரைக்கும் வேலைக்குப் போயிட்டா போதும். பேசாம கட்டுங்க."

"இல்லம்மா, எனக்கு என்னமோ பயமா இருக்கு."

"ஆம்பளைக்கு என்னா இவ்ளோ பயம்? கட்டுங்கன்றேன்ல."

கட்டினார். ஐந்து நாளும் ஐந்து கையெழுத்து, எல்லாம் கோட்டுக்கு மேலே. ஞாயிற்றுக்கிழமை கட்டை அவிழ்த்தபோது முழங்கால் முழுக்கக் கொப்புளம். இரண்டு இடத்தில் உடைந்து நீர் வடிந்தது. ஆபரேஷன் உள்ளே எலும்பில்தானே, மேல்தோல் எப்படி இருந்தால் என்ன என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். படித்தவளாம் நான்.

செவ்வாய்க்கிழமை காலையில் டாக்டர் போர்வையை விலக்கினார். கொப்புளத்தைச் சுற்றி விரலால் அழுத்திப் பார்த்தார். பிறகு, "யார் செய்தது இதை?" என்று கேட்டார். கட்டில் கால்மாட்டில் என் கணவர் பையோடு நின்றுகொண்டிருந்தார்.

"வீட்டுக்காரர்தான் போட்டார்," என்றேன்.

பொய் இல்லைதான், கட்டியது அவர் கை. புண் இருக்கிற தோலில் கத்தி வைத்தால் கிருமி உலோகத்தில் ஏறும், பிறகு காலையே எடுக்க வேண்டி வரும் என்று டாக்டர் அவரை வார்டே பார்க்கத் திட்டினார். அவர் தலையைக் குனிந்துகொண்டு "சரி சேர், சரி சேர்" என்றார். என் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. டாக்டர் என் ஃபைலில் ஏதோ எழுதினார். என் புதன்கிழமையை வேறு யாருக்கோ கொடுத்தார்கள். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது என்பார்கள். என் தாழியை நானேதான் போட்டு உடைத்தேன், அதுவும் காரியாலயத்துக்கு நேரத்துக்குப் போவதற்காக.

எனக்கு அழுகை வரவில்லை. வீட்டுக்குத் திரும்புகிற த்ரீவீலின் பின்சீட்டில் காலை நீட்டிக்கொண்டு பேராதனைப் பாலத்தைத் தாண்டினேன், கடைகளைப் பார்த்தேன், ஒன்றும் தோன்றவில்லை. "விடு, தோலு ஆறுனா திரும்பத் திகதி தருவாங்க," என்றார் அவர். ம் என்றேன்.

இரண்டு நாளில் அண்ணனுக்குச் செய்தி போய்விட்டது. போனில் என் கணவரைப் பிடித்துக்கொண்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்து போஞ்சி நறுக்கிக்கொண்டிருந்தேன். அண்ணனின் குரல் எனக்கே கேட்டது. "ஒனக்கெல்லாம் அறிவு இருக்கா? படிச்ச புள்ளய ஒங்கிட்ட குடுத்தேன் பாரு, என்னைய சொல்லணும்! அவ வேல போச்சுன்னா நீயா குடுப்ப?" அந்த நேரத்தில் நான் கையை நீட்டிப் போனை வாங்கியிருக்கலாம். போஞ்சியை நறுக்கி முடித்தேன்.

பொங்கலுக்கு அண்ணன் வந்தார். என்னோடு மட்டும் பேசினார். என் கணவர் ஊற்றி வைத்த தேத்தண்ணீரைத் தொடாமலே எழும்பிப் போனார். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது அந்தக் கோப்பையைக் கழுவும்போது எனக்கு நன்றாகவே விளங்கியது. இருந்தாலும் வாய் திறக்கவில்லை. தன் படிப்பை எனக்குக் கொடுத்த மனிதரிடம், நானே என் காலைக் கெடுத்துக்கொண்டேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. அந்த வெட்கமும் நாள் போகப் போக மரத்துப் போய்விட்டது. எழும்பினேன், சமைத்தேன், கோட்டுக்குக் கீழே கையெழுத்து வைத்தேன்.

ஏழு மாதம் அப்படிப் போனது. பொத்தி வைத்த லீவெல்லாம் கரைந்து, சம்பளமில்லாத லீவில் வந்து நின்றது. மெடிக்கல் போர்டுக்கான கடிதம் அடித்துத் தயாராக இருக்கிறது, மேடம் இன்னும் கையெழுத்து வைக்கவில்லை என்று டைப் அடிக்கிற பிள்ளை ரகசியமாகச் சொன்னாள். அந்த நேரத்தில்தான் இரண்டாவது திகதி வந்தது.

வார்டில் சிங்கள நர்ஸ் மிஸ் ஒருவர் என் ஃபைலைப் புரட்டினார். பழைய குறிப்பைப் பார்த்திருக்க வேண்டும். என் கணவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, மரியாதையாகச் சிங்களத்தில், "இந்த முறை ஒன்றும் பூசவில்லையே, மாத்தயா?" என்று கேட்டார். "இல்ல மிஸ்," என்று அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பை என்னால் பார்க்க முடியவில்லை.

"அவர் இல்லை மிஸ். நான்தான் பூசச் சொன்னேன். அவர் வேண்டாம் என்றுதான் சொன்னார்," என்றேன் சிங்களத்தில்.

"சரி சரி, பிரஷர் பார்க்கணும், கையை நீட்டுங்க," என்றார் மிஸ்.

என் கணவர் சவர்க்காரத்தையும் துவாயையும் பையிலிருந்து எடுத்துக் கட்டிலோரத்து மேசை லாச்சியில் அடுக்கினார். மிஸ் அடுத்த கட்டிலுக்குப் போன பிறகு, என்னைப் பார்க்காமலே சொன்னார். "மிஸ்ஸுக்குச் சொல்லி என்னா ஆகப் போகுது? ஒங்க அண்ணனுக்குச் சொல்லு." ஏழு மாதத்தில் அதைப் பற்றி அவர் பேசிய முதல் பேச்சு அது.

நான் சொல்லவில்லை. மறுநாள் ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள். முதுகில் ஊசி போட்டதும் இடுப்புக்குக் கீழே யாருடைய காலோ மாதிரி ஆகிவிட்டது. திரைக்கு அந்தப் பக்கம் தச்சுவேலை நடக்கிறாற்போல சுத்தியல் சத்தம் கேட்டது. என் எலும்பைத்தான் அடிக்கிறார்கள் என்று தெரிந்தும் எனக்கு ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாமல் இருப்பது எனக்குப் பழகித்தான் போயிருந்தது.

மூன்றாம் நாள் என்னை எழுப்பி நிறுத்தினார்கள். போட்ட கூச்சலில் பக்கத்து வார்டு எட்டிப் பார்த்தது. ஆனால் நின்றேன், நாலு அடி வைத்தேன். மத்தியானம் மேடம் எனக்குப் போன் எடுத்து, கடிதத்தை அனுப்பப் போவதில்லை, நன்றாகக் குணமாகி வாங்க என்றார். வேலை தப்பியது. சந்தோஷப்பட வேண்டும் என்று நினைத்தேன். பார்வையாளர் நேரத்துக்கு என் கணவர் வந்து, சோற்றுப் பார்சலைப் பிரித்து, கரண்டியால் ஊட்டத் தொடங்கினார். இரண்டு வாய் வாங்கினேன்.

"அண்ணனுக்கு எடுங்க," என்றேன்.

என் ஒரு கையில் ஊசி குத்தியிருந்தது, மற்றக் கை வீங்கியிருந்தது. அவரே நம்பரை அழுத்தி, போனை என் காதில் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, அந்தப் பத்த போடச் சொன்னது நான்தான். அவரு கழட்டுவம்னாரு, நான்தான் விடல. டாக்டர்கிட்ட அவரு பேரச் சொன்னதும் நான்தான்."

 

"மாப்ள பக்கத்துல இருக்காரா?" என்றார் அண்ணன். "போன அவருகிட்ட குடு."

என் கணவர் போனைத் தன் காதுக்கு மாற்றிக்கொண்டு வராந்தாவுக்குப் போனார். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தார், சட்டைக் கழுத்து நனைந்திருந்தது.

"என்னா சொன்னாரு?"

"ஞாயித்துக்கெழம வர்றாராம்," என்று கரண்டியை எடுத்தார். "வாயத் தொற, சோறு ஆறிப் போச்சு."

திறந்தேன். ஏழு மாதமாக வராத அழுகை, வாய் நிறையச் சோற்றோடு வந்தது.